ஒரு கார்டு, இருபத்துமூன்று கேக்

1. சஸ்பெண்டு

தொண்ணூற்றொன்பதாம் வருடக் கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருந்தது. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு மாடியில் நான் டீச்சராக வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில், மோடம் கீச்சிட்டுக் கீச்சிட்டு நான்காவது தடவையில் கனெக்‌ஷன் கொடுத்தது. வந்திருந்த மெயில் ஒன்றே ஒன்று. உங்கள் வணிகக் கணக்கு சஸ்பெண்டு செய்யப்பட்டுள்ளது, வந்த இருபத்துமூன்று ஆர்டருக்கான பணமும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள்.

என் நாற்காலிக்குப் பின்னால் தங்கராஜ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பாறசாலையில் பேக்கரி வைத்திருப்பவர். முழங்கை வரை மைதா மாவு. அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"என்ன எழுதியிருக்கான் டீச்சரே?"

சொன்னேன்.

"நம்மள எதுக்கு சஸ்பெண்டு பண்ணுகான்? நான் என்ன கைக்கூலியா வாங்கினேன்?"

எங்கள் ஊரில் சஸ்பெண்டு என்றால் லஞ்சம் வாங்கி மாட்டிய சர்க்கார் உத்தியோகஸ்தன்தான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் மெயிலில் காரணமும் எழுதியிருந்தது. அந்தக் காரணத்தைப் படித்த உடனேயே தப்பு யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. "கம்பெனிக்காரனுக்கு ஏதோ கொழப்பம் அண்ணே, எழுதிக் கேக்கேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

இன்றைக்குப் பத்து நிமிடத்தில் பேமென்ட் பட்டனை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டன் வைப்பது பெரிய காரியம் இல்லை. அன்றைக்கு நான் செய்தது போலச் செய்யாதிருப்பதுதான் காரியம்.

2. கார்டே இல்லாத ஊரில் கார்டு வியாபாரம்

அந்த வருடம் மழைக்காலத்தில்தான் தங்கராஜ் அண்ணன் முதலில் என்னைத் தேடி வந்தார். அவர் கடைக்கு எதிரே கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்து ஒரு புது பேக்கரி வந்திருந்தது. கூட்டம் முழுக்க அங்கே போய்விட்டது. அவரிடம் இருந்தது விறகு போட்டு எரிக்கிற பழைய செங்கல் அடுப்பு. எங்கள் பக்கம் அதைப் போர்மா என்பார்கள். அதை நம்பி இரண்டு மாஸ்டர்கள் வேலையில் இருந்தார்கள்.

"இந்தக் கிறிஸ்மஸு பாப்பேன். அதுவும் போச்சுண்ணா போர்மாவ அணைச்சிருவேன்" என்றார்.

அவருடைய மனைவியின் அக்காள் மகள் ஷீலா சிகாகோவில் நர்ஸ். செங்கல் என்ற ஊரில் தனியாக இருந்த தன் அம்மாவுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் கொடுக்கும்படி கடிதம் எழுதியிருந்தாள். கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டு, கூட வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் தங்கள் வீடுகளுக்கும் கேக் அனுப்ப வேண்டும் என்றார்களாம். பணத்தை எப்படி அனுப்புவது? இங்கே எல்லாம் கம்ப்யூட்டரில் கார்டு நம்பரைப் போட்டால் போதும், அங்கே அதற்கு வழி செய்யுங்கள் சித்தப்பா என்று எழுதிவிட்டாள். சித்தப்பா என்னிடம் வந்துவிட்டார்.

நான் முதலில் பேங்குக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து முடியாது என்றார். அன்றைக்குக் கார்டு என்றால், ஆள் நேரில் வர வேண்டும், கார்டை ஒரு மெஷினில் வைத்து மேலே கார்பன் ஸ்லிப்பைப் போட்டுத் தேய்க்க வேண்டும், ஆள் கையெழுத்துப் போட வேண்டும். "ஆளும் இல்ல, கார்டும் இல்ல, கையெழுத்தும் இல்ல. பின்ன என்ன மண்ணத் தேய்க்கதாக்கும் டீச்சர்?" என்றார்.

பிறகு நெட்டில் தேடி அமெரிக்காவில் ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தேன். நாம் நெட்டில் வைக்கும் வெப் பக்கத்திலிருந்து, கேக் வாங்குபவரை அவர்களுடைய வெப் பக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் கார்டை வாங்கிக்கொள்வார்கள், கமிஷனை எடுத்துக்கொள்வார்கள், மாதம் இரண்டு தடவை டாலரில் செக் அனுப்புவார்கள். அப்ளிகேஷன் ஆறு பக்கம். சரக்குத் திரும்பினால் உங்கள் கொள்கை என்ன என்று ஒரு கேள்வி.

"கேக்கு பிடிக்கல்லேண்ணா திருப்பி எடுப்பியளாண்ணு கேக்கான் அண்ணே."

"கடிச்ச கேக்கையா?"

"கடிக்காத கேக்கை."

"கடிக்காம பிடிக்கல்லேண்ணு எப்பிடி தெரியும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதை ஃபாரத்தில் எழுத முடியாது. குறை இருந்தால் வேறு கேக் தரப்படும் என்று எழுதினேன்.

பக்கம் தயாரானது. கேக்கின் போட்டோ, மூன்று சைஸ், டெலிவரி எல்லை நெய்யாற்றின்கரை முதல் பொழியூர் வரை. டெஸ்ட் செய்ய ஒரு கார்டு வேண்டும். பாறசாலையில் விசாரித்தேன், அமரவிளையில் விசாரித்தேன், யாரிடமும் கிரெடிட் கார்டு இல்லை. பேங்க் மேனேஜரிடமே இல்லை. கடைசியில் ஷீலாதான் அங்கிருந்து ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டாள். அவள் திரையின் கீழே பாதுகாப்புக்கான பூட்டுப் படம் வந்ததாம், நம்பர் போனது, பணம் ஏறியது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அண்ணன் உடனே கேக்குக்கு மாவு கலக்கப் புறப்பட்டார்.

"இது சும்மா டெஸ்டு அண்ணே."

"கார்டுல பைசா போச்சா?"

"போச்சு."

"பின்ன என்ன டெஸ்டு? கேக்கு போவணும்."

மறுநாள் செங்கல்லில் ஷீலாவின் அம்மா சரோஜா அக்கா, எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் முழுக் கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாராம்.

3. என் புத்திசாலித்தனம்

இப்போது தப்புக்கு வருகிறேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஷீலா ஒரு மெயில் எழுதினாள். கூட இருக்கும் பெண்களில் பாதிப்பேர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே புதிதாக வந்தவர்களுக்குச் சுலபத்தில் கார்டு கொடுக்க மாட்டார்களாம். கார்டு இருப்பது ஷீலாவிடம் மட்டும். சனிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் கார்டிலேயே கேக் வாங்குவார்கள், அவளுக்குக் கையில் பணம் கொடுத்துவிடுவார்கள். இதில் ஏதாவது பிரச்சினை உண்டா?

எனக்கு இதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்கள் வளைவில் இருந்த பத்து வீடுகளில் ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. பத்து வீட்டுக்காரர்களும் அந்த நம்பரைத்தான் விசிட்டிங் கார்டு வரைக்கும் போட்டுவைத்திருந்தோம். ஒரு போன் பத்து வீட்டுக்கு என்றால் ஒரு கார்டு பத்து பேருக்கு ஆகாதா?

ஷீலாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஆர்டர் போடும் பக்கத்தில் வாங்குகிறவர் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் தன் பெயரைப் போட்டால், கேக்கோடு போகும் சீட்டிலும் தன் பெயர்தானே வரும்? அவரவர் வீட்டில் அவரவர் மகள் அனுப்பியதாகத் தெரிய வேண்டாமா?

அனுப்புகிறவர் பெயருக்குத் தனியாக ஒரு கட்டம் நான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அப்போதாவது வைத்திருக்கலாம். பரீட்சை பேப்பர் திருத்துகிற மும்முரத்தில் சோம்பல்பட்டு, பெரிய அறிவாளி மாதிரி பதில் எழுதினேன்: அந்தக் கட்டத்தில் அவரவர் பெயரைப் போடச் சொல்லு, நம்பர் மட்டும் உன்னுடையது, மெஷின் நம்பரைத்தான் பார்க்கும், பெயரைப் பார்க்காது.

மெஷின் பார்க்கவில்லைதான். மனுஷர்கள் பார்த்தார்கள். ஒரே சாயந்திரத்தில், ஒரே கார்டு நம்பரில், இருபத்துமூன்று வெவ்வேறு பெயர்களில் ஆர்டர். இதைப் பார்க்கிற யாரும் கார்டு திருட்டுப் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். நானே நினைப்பேன்.

4. போர்மாவின் முன்னால்

சஸ்பெண்டு மெயில் வந்த மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் பாறசாலைக்குப் போனேன். அண்ணன் போர்மாவுக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பு கம்பெனிக்காரன் பேருல இல்ல. எம்பேருல ஆக்கும்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி என்ன கேட்கிறது என்பதையும் சொன்னேன். ஐந்து வேலை நாளுக்குள், கார்டு திருட்டுப் போகவில்லை என்று ஷீலாவின் கடிதமும், கேக் கிடைத்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிய கையெழுத்தும் ஃபேக்ஸில் போய்ச்சேர வேண்டும். இல்லாவிட்டால் பணம் முழுவதையும் திருப்பிவிட்டுக் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். திருட்டு ஆர்டர் என்று கணக்கு மூடப்பட்ட கடையை வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

அவர் விறகைக் கீழே போட்டார். கோபம் வந்துவிட்டது.

"இத நேத்தே சொல்லப்பிடாதா? ராத்திரி முச்சூடும் அந்தக் கம்பெனிக்காரனத் திட்டிட்டு கெடந்தேன். அவ்வளவு திட்டும் வீணாப் போச்சே!"

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"நீ படிச்ச பிள்ள. தெரியாம செய்யது தப்பில்ல. தெரிஞ்ச பொறவும் என்ன இருட்டுல நிறுத்தினே பாரு, அதாக்கும் எனக்கு சங்கடம்."

அதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் நீ என்றார். கணக்கை மூடிவிட்டால் பணம் வராது, கேக் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"இதுல என்ன யோசன? பழம் ஊறப்போட்டு ரெண்டு மாசமாச்சு. அந்தப் பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு போன் பண்ணி, கேக்கு வரும்ணு சொல்லியாச்சு. இனி வரல்லேண்ணா நாணக்கேடு எனக்கில்ல, அதுவளுக்காக்கும். கேக்கு போவட்டும். பைசா வந்தா வரட்டும்." விறகை மறுபடி எடுத்தார். "சனிக்கிழம வண்டி பிடிக்கேன். நீயும் ஏறணும். கையெழுத்து வாங்கது உனக்க வேல."

5. கையெழுத்து

இருபத்துமூன்று சீட்டு அடித்தேன். வீட்டுப் பெயர், மகள் பெயர், கேக் கிடைத்தது, கையெழுத்து, அவ்வளவுதான். கையெழுத்துக்காக அடியில் கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டிருந்தேன். அதுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அதுவும் தெரியாமல் செய்தது.

ஆட்டோவில் பின் சீட்டு முழுக்கக் கேக். நானும் அண்ணனும் டிரைவரின் இரண்டு பக்கமும் ஒண்டிக்கொண்டு போனோம். முதல் வீடு பரசுவய்க்கல் பக்கம். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரவில்லை. "இந்தக் கடலாசு எனக்க மவ கண்ணுல காணுமா டீச்சரே?" என்று கேட்டார். காகிதம் முதலில் கம்பெனிக்குப் போகும், பிறகு அவளுக்கு என்றேன். உடனே அடியில் இருந்த இடத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். அடுத்த வீட்டிலும் அப்படியே. சிலர் மலையாளத்தில் எழுதினார்கள், சிலர் தமிழில். உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் தலை நனைக்காதே, தம்பிக்கு ஜோலி கிடைத்தது என்று ஊர்ப்பட்ட விஷயம். ஆனால் ஒரு வரி மட்டும் அநேகமாக எல்லாச் சீட்டிலும் இருந்தது. ஷீலாவுக்குக் கொடுக்க வேண்டிய பைசாவை உடனே கொடுத்துவிடு.

மகள்கள் போனில் சொன்னபோதே யார் கார்டில் வாங்கியது என்று அம்மாமார்கள் விசாரித்துத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். நான் விசாரிக்காததை அவர்கள் விசாரித்திருந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் கடைசி வீட்டுக்குப் பொழியூர் போனோம். மரியதாசன் என்ற மீனவருடைய வீடு. முன்முற்றம் இருந்த இடத்தில் இப்போது கடல் இருந்தது. வீட்டுப் பின்பக்கம் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. அவர் கேக் பெட்டியைப் பார்த்தார், தொடவில்லை.

"எனக்க மவ போயி ஒரு மாசம் தெகையல்ல. சம்பளம் கிட்டல்ல. இது ஆருக்க பைசா?"

"ஷீலா வாங்கித் தந்திருக்கா. பொறவு உங்க மவ குடுத்துருவா" என்றேன்.

"அப்போ இது கடன் கேக்கு. எனக்கு வேண்டாம்."

ஒரு சீட்டுக் குறைந்தாலும் திருட்டு ஆர்டர்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கெஞ்சினேன். கையெழுத்து மட்டும் போடுங்கள், கேக்கை வேண்டுமானால் கோயிலில் கொடுத்துவிடலாம் என்றேன்.

"வாங்காத்த சாதனத்துக்கு கையெழுத்தா? நல்ல படிப்பு!"

தங்கராஜ் அண்ணன் என்னைக் கண்ணால் அடக்கினார். மணலில் உட்கார்ந்தார். கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வலை, மண்ணெண்ணெய் விலை, கடல் இந்த வருடம் எவ்வளவு ஏறியது என்று பேசிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்து மரியதாசனே என் பக்கம் திரும்பினார்.

"செரி டீச்சரே. நான் ஒண்ணு சொல்லுகேன், அத எழுதணும். இந்தக் கேக்குக்க பைசா மரியதாசன் ஷீலாக்க அம்மைக்க கையில குடுப்பேன். எழுதியாச்சா? இனி இங்கண தா."

எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் கேக்கைக் கையில் வாங்கினார்.

6. கரோலின்

திங்கட்கிழமை எல்லாச் சீட்டையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, ஷீலா அங்கிருந்து ஃபேக்ஸில் அனுப்பிய கடிதத்தையும் சேர்த்து ஃபேக்ஸ் செய்தேன். நாற்பத்தெட்டுப் பக்கம். இரண்டு தடவை லைன் அறுந்து, போன் பூத்துக்காரர் விட்ட இடத்திலிருந்து மறுபடி அனுப்பினார். புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கூப்பிடச் சொல்லிப் பதில் வந்தது. அவர்களுக்கு அது சாயந்திரம்.

பாறசாலை ஐ.எஸ்.டி. பூத்தில் அண்ணனும் நானும் நெருக்கியடித்து நின்றோம். எடுத்தவர் கரோலின் என்ற பெண். குரலில் அவசரமும் இல்லை, பிரியமும் இல்லை. அவர் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த மொழிபெயர்ப்பு யார் செய்தது?"

"நான்."

"வெப் பக்கத்தை உருவாக்கியதும் நீங்கள்தானே? அப்புறம் இதை நான் எப்படி நம்புவது?"

அடுத்து அவர் கேட்டார், "ஒரு கார்டுக்கு இருபத்துமூன்று பெயர் எப்படி வந்தது?"

வாடிக்கையாளர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்ல இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் அண்ணன் நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். அனுப்புகிறவர் பெயருக்கு நான் கட்டம் வைக்கவில்லை. என் தப்பு" என்றேன்.

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தான் பணம் கொடுப்பதாக ஒரு அப்பா எழுதியிருக்கிறாரே. கொடுத்தாரா?"

"நேற்றுக் கொடுத்தார். பொழியூரிலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்லுக்குப் போய் ஷீலாவின் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு பொதி கருவாடும்."

கருவாட்டுக்கு இங்கிலீஷில் உலர்ந்த மீன் என்று சொன்னேன். அவர் திடீரென்று சிரித்தார்.

"இன்று காலையில் ஷீலாவிடம் பேசினேன். அம்மா போனில் சொன்னதாக அவரும் இந்த மீனைச் சொன்னார். நீங்கள் இருவரும் ஒரு கதையைப் பேசிவைத்துச் சொல்லலாம். ஆனால் உலர்ந்த மீனை யாரும் பேசிவைக்க மாட்டார்கள்."

கணக்கைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். பெயர்க் கட்டத்தில் கார்டுக்காரர் பெயர் மட்டுமே வர வேண்டும், அனுப்புகிறவருக்குத் தனிக் கட்டம் வேண்டும், ஒரே கார்டில் பலர் வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். போனை வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன். அவர் பூத்துக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனிதருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது.

வெளியே வந்து டீ குடித்தோம். விடிந்துகொண்டிருந்தது. இனி போர்மாவை அணைக்கிற பேச்சு இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் எத்தனையோ கடைகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு, பள்ளிக்கூடங்களுக்குப் பேமென்ட் வசதி செய்து கொடுத்திருக்கிறேன். மெஷின் மாறியது, கம்பெனிகள் மாறின. ஒன்றை மட்டும் மாற்றவில்லை. வேலையைத் தொடங்கும் முன் பணம் யாருடையது, யார் பெயரில் போகிறது, யாருக்குப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஊரில் நடக்கிற விதத்துக்கு வெப் பக்கத்தில் இடம் இல்லை என்றால், அந்தப் பக்கத்தைத்தான் திருத்துவேன். எதையும் மூடி மறைத்து நடத்தலாம் என்று யாருக்கும் புத்தி சொன்னதில்லை.

அன்றைக்கு டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் கேட்டார், "டீச்சரே, அடுத்த கிறிஸ்மஸுக்கும் ஒருத்திக்க கார்டுல பத்துபேரு வாங்கணும்ணு வந்தா என்ன செய்வ?"

"வாங்கலாம்ணு சொல்லுவேன் அண்ணே. ஆனா கம்பெனிகிட்ட முன்னயே சொல்லிருவேன்."

"எனக்கிட்டயும்" என்றார்.